பாதிக்கப்பட்டவர் நலமாக உள்ளே இருக்கிறார்

நிலம் நடுங்கியபோது லிஃப்ட் மெக்கானிக் முகத்தின் இடது பாதியைச் சவரம் செய்து முடித்திருந்தார்.

முதலில் சத்தம்தான் வந்தது. கீழ்வீட்டில் யாரோ பீரோவைக் கவிழ்த்த மாதிரி. அவர்கள் குடியிருந்தது தரைத்தளம், கீழ்வீடு கிடையாது. பிறகு ஒரே ஒரு உலுக்கல். மக் உருண்டது. கண்ணாடி ஆணியில் இப்படியும் அப்படியும் ஆடி நின்றது. அவ்வளவுதான். பயப்படுவதற்குள் முடிந்துவிட்டது.

அவர் குளியலறைக் கதவைத் திறக்கப் பார்த்தார். மேல்சட்டம் லேசாக இறங்கிக் கதவைக் கவ்விக்கொண்டிருந்தது.

"என்னங்க! வீடே ஆடுது, உள்ள என்ன பண்றீங்க? வெளிய வாங்க!" என்று மனைவி கத்தினார்.

"நான் வரேன். கதவு வரமாட்டேங்குது."

மனைவி கதவுக்கு அருகே வந்து, "பதட்டப்படாதீங்க. கதவைத் தள்ளாதீங்க. ஆள் வந்துட்டே இருக்காங்க" என்றார்.

இவை லிஃப்ட் மெக்கானிக்கின் சொந்த வாக்கியங்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று இந்த மூன்றையும் சொல்வது அவர் வேலையில் பாதி. சாப்பிடும்போது போன் வந்தாலும் வாயில் சோற்றுடன் சொல்வார். வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். கதவுக்கு உள்ளே நின்று கேட்டால் அவற்றில் பெரிய ஆறுதல் எதுவும் இல்லை என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"அப்பா, இன்னிக்கு எனக்கு ட்ரெயின்" என்றாள் மகள்.

"தெரியும் பாப்பா."

"போன தடவை ஹாஸ்டலுக்குப் போனப்பவும் நீங்க வரலை. எவனோ லிஃப்ட்ல மாட்டிக்கிட்டான்."

"இந்த தடவை கண்டிப்பா வரேன்னு சொன்னேன்ல?"

"இந்த தடவை நீங்களே மாட்டிக்கிட்டீங்க."

அவள் வேலைக்குப் போகிற ஊர் மிகவும் தூரம். சட்டென்று வந்து போகிற தூரமில்லை. ரயில் மாலையில். பெட்டி பூட்டி ஹாலில் நின்றது. இப்போது காலைதான், ஒரு கதவைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று மூவரும் நினைத்தார்கள். மனைவி கணவரின் டூல்ஸ் பையை இழுத்துக்கொண்டு வந்தார். உள்ளேயிருந்து அவர் சொல்லச் சொல்ல, மகள் நெம்புகம்பியை எடுத்துச் சட்டத்தின் இடுக்கில் வைத்தாள்.

அப்போது வாசல் மணி அடித்தது.

நில அதிர்வுத் துறையின் உதவி அலுவலர் நின்றிருந்தார். இளைஞர். ஒரு கையில் மஞ்சள் நாடாச் சுருள், மறு கையில் தையல் மெஷின் அளவுக்கு ஒரு பெட்டி. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. அந்தத் துறை எந்த இடத்துக்கும் அவ்வளவு சீக்கிரம் போனதில்லை. போவதற்கு இடமே இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். துறை ஆரம்பித்த நாளிலிருந்து அந்த வட்டாரத்தில் நிலம் ஆடியதே கிடையாது.

"தொடாதீங்க!" என்றார் உதவி அலுவலர். "அந்தக் கம்பியை மெதுவா கீழ வைங்க மேடம். அது மையப்புள்ளி."

"எது?" என்றார் மனைவி.

"உங்க பாத்ரூம்."

அவர் போனில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். ஊர் தெரிந்தது, தெரு தெரிந்தது, கட்டடம் தெரிந்தது. கட்டடத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி. பெரிதாக்கினால் புள்ளி குளியலறையின் மேல் வந்து நின்றது. இன்னும் பெரிதாக்கியபோது வாளிக்கு அருகே நின்றது.

மகள் எட்டிப் பார்த்தாள். "கருவி இவ்வளவு துல்லியமாவா சொல்லும்?"

"கருவி ஒரு வட்டம்தான் கொடுக்கும் மேடம். அந்த வட்டத்துக்குள்ள எங்கயோ ஒரு இடம்."

"எவ்வளவு பெரிய வட்டம்?"

உதவி அலுவலர் யோசித்தார். "ஊர் முழுக்க வரும். பக்கத்து ஊர்லயும் கொஞ்சம் வரும்."

"அப்ப அந்த வட்டம் எங்க?"

"அழிச்சுட்டோம். வட்டம் இருந்தா மக்கள் குழம்புவாங்க. நடுவுல இருந்த புள்ளியை மட்டும் வெச்சுக்கிட்டோம்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. குளியலறைக் கதவின் குறுக்கே இரண்டு பக்கமும் நாடாவை ஒட்டினார். இணை இயக்குநர் நேரில் வந்து பார்க்கும்வரை எதையும் யாரும் அசைக்கக் கூடாது என்றார். அசைத்தால் ஆதாரத்தை அழித்த குற்றம் வரும் என்றும், அது தனக்கே வருத்தமான விஷயம் என்றும் சொன்னார்.

"உள்ள ஆள் இருக்காரு தம்பி" என்றார் மனைவி.

"அது எங்களுக்கு ரொம்ப சாதகம்மா. மையப்புள்ளியிலயே ஒரு நேரடி சாட்சி கிடைக்கிறது அபூர்வம்." கதவை நோக்கிக் குரலை உயர்த்தினார். "சார், வணக்கம். இப்ப ஏதாவது அதிர்வு உணர்றீங்களா?"

"இல்லை" என்றது உள்ளே.

உதவி அலுவலர் அதை எழுதிக்கொண்டார். மணிக்கு ஒருமுறை இதைக் கேட்க வேண்டும் என்பது விதி.

கொண்டுவந்த பெட்டியை அவர் ஹாலில் வைத்தார். அது அதிர்வு பார்க்கும் கருவி. மகளின் பெட்டியைச் சுவரோரம் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கருவியை இருத்தினார். ஒரு முள், அதற்கடியில் மெதுவாக நகரும் தாள். மனைவி சமையலறைக்கும் குளியலறைக்கும் இடையே நடந்தபோதெல்லாம் முள் துள்ளியது.

"அம்மா, கொஞ்சம் மெதுவா நடங்க" என்றார் உதவி அலுவலர். "இப்ப நீங்க ரெண்டு புள்ளி ஒண்ணு."

"என்னது?"

"ரிக்டர்ல."

மனைவி நின்று அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நடந்தார். முள் தாளின் விளிம்புவரை போய் வந்தது.

காலை உணவு பெரும் பிரச்சினையாயிற்று. கதவுக்கு மேலே காற்றுக்காக ஒரு சின்னத் திறப்பு உண்டு. மகள் ஸ்டூலில் ஏறி அதன் வழியாக ரொட்டித் துண்டுகளை நீட்டினாள். மையப்புள்ளிக்குள் புதிதாக எடை சேர்ப்பதற்கு விதியில் இடமிருக்கிறதா என்று உதவி அலுவலருக்குச் சந்தேகம் வந்தது. அலுவலகத்துக்குப் போன் செய்தார். நீண்ட நேரம் "சரிங்க சார், சரிங்க சார்" என்றார். கடைசியில் ரொட்டிக்கு அனுமதி கிடைத்தது. தண்ணீருக்குக் குழாயைத் திறக்கலாம், வேகமாகத் திறக்கக் கூடாது. ஃபிளஷ் மட்டும் கூடாது.

"ஏன்?" என்றது உள்ளேயிருந்து குரல், கொஞ்சம் அவசரமாக.

"முள் தாங்காது சார்."

இதற்குள் செய்தி மாடிக்குப் போயிருந்தது. மாடி அக்கா இறங்கி வந்தார். அவர் படி இறங்கும்போதே உதவி அலுவலர் கருவியை அணைத்துப் பிடித்துக்கொண்டார். மாடி அக்கா கையில் போன் இருந்தது. அதில் துறையின் முதல் அறிக்கையைச் சத்தமாகப் படித்தார்.

"'லேசான, ஆழமற்ற நிலநடுக்கம். பொதுமக்கள் உணர வாய்ப்பில்லை.' ஏன் தம்பி, வாய்ப்பில்லையா? என் தட்டெல்லாம் அலமாரியிலருந்து குதிச்சுதே!"

"இந்த அளவுக்கு தட்டு குதிக்காதுக்கா. அட்டவணையில இல்ல."

"என் மாமியார் போட்டோ கீழ விழுந்துச்சே. அதை யாரு தள்ளினது? நானா?"

உதவி அலுவலர் நாகரிகமாகத் தரையைப் பார்த்தார். "அது குடும்ப விஷயம்க்கா."

"ஆழமில்லாததாலதான் நமக்கு இவ்வளவு தெரிஞ்சிருக்கு" என்றாள் மகள். "சின்னதா இருந்தாலும் காலுக்கடியிலயே நடந்தா சத்தமும் கேட்கும், சாமானும் விழும். இடிஞ்சு விழற அளவுக்கு இருக்காது, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னும் சின்னதா ஒண்ணு ரெண்டு வரலாம். இதை நாலு வரியில எழுதிப் போட்டா போதாதா?"

"போடலாம் மேடம். ஆனா அது எல்லாருக்கும் புரிஞ்சிடும். அப்புறம் எங்களை யாரு கேப்பாங்க?"

வெயில் ஏறியது. உதவி அலுவலர் மணி தவறாமல் கேட்டார். இல்லை என்று மணி தவறாமல் பதில் வந்தது. நடுவில் ஒருமுறை லிஃப்ட் மெக்கானிக்கின் போன் ஹாலில் அடித்தது. ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றுபோய் உள்ளே ஒரு குடும்பம். மகள் போனைத் திறப்புக்கு நேரே பிடித்தாள்.

"பதட்டப்படாதீங்க" என்று அவர் ஆரம்பித்தார். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "உக்காருங்க. உக்கார இடமிருந்தா உக்காந்துக்கோங்க. நின்னா கால் வலிக்கும்" என்றார்.

கம்பெனியிலிருந்து வேறு ஆளை அனுப்பச் சொன்னார். வேறு ஆள் போய் அவர்களைச் சீக்கிரமே வெளியே எடுத்துவிட்டார். அதைக் கேட்டதும் மனைவிக்கு அழுகை வந்தது.

"ஊருக்கெல்லாம் திறக்குது. நம்ம கதவு மட்டும் துறைக்குச் சொந்தமாயிடுச்சு" என்றார்.

மதியம் சாய்ந்து இணை இயக்குநர் வந்தார். புகைப்படக்காரர் ஒருவர் கூட வந்தார், ஒலிபெருக்கி ஒன்றும் வந்தது. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்ததைப் பார்த்து மனைவிக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அவர் மஞ்சள் நாடாவின் முன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது.

"இதுதானா?" என்றார் மெதுவாக.

"ஆமா சார்" என்றார் உதவி அலுவலர். "வாளிக்குப் பக்கத்துல."

ஹாலிலும் வாசலிலும் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். மனைவி மரியாதைக்கு ஒரு தம்ளர் டீ கொடுத்தார். இணை இயக்குநர் அதை இடது கையில் வாங்கிக்கொண்டு, வலது கையில் ஒலிபெருக்கியைப் பிடித்தார். அறை சின்னது. ஒலிபெருக்கி அவசியமில்லை.

"பெரியோர்களே. இந்தத் துறையில நான் சேர்ந்தப்ப எனக்குத் தலை நிறைய முடி. எங்க பழைய இயக்குநர் தினமும் காலையில கருவி முன்னாடி வந்து நிப்பாரு. முள் அசையாது. சாயங்காலம் வீட்டுக்குப் போவாரு. அப்படியே ஓய்வு பெற்றாரு. அவருக்கு அப்புறம் வந்தவரும் அப்படியே. பக்கத்து வட்டாரத்துல ஆடும், நமக்கு ஆடாது. மாநாட்டுல எங்களை எந்த வரிசையில உக்கார வைப்பாங்க தெரியுமா? கழிவறைக்குப் பக்கத்துல. இன்னிக்கு ஒரு கழிவறையே நம்மைத் தலைநிமிர வெச்சிருக்கு."

புகைப்படக்காரர் கைதட்டினார்.

"இது லேசானதுதானேன்னு சில பேரு சொல்றாங்க. ஆழமற்றதுதானேன்னும் சொல்றாங்க. மனசு கஷ்டமா இருக்கு. நமக்குக் கிடைச்சது இது. வர்ற நிதியாண்டுல இதைவிட நல்லதா எதிர்பார்க்கிறோம்."

"சார்" என்றது கதவு. "நான் உள்ள இருக்கேன்."

"இருங்க, இருங்க. உங்களைப் பத்தித்தான் பேச வரேன். இந்தக் கதவு இனிமே சாதாரணக் கதவு இல்ல. இதைத் திறக்கிறதுக்கு ஒரு குழு போட்டிருக்கோம். குழு வியாழக்கிழமை கூடும். கூடி, எந்தப் பக்கமா திறக்கிறதுன்னு முடிவு பண்ணும்."

"அது உள்பக்கமாதான் சார் திறக்கும்."

"அதைக் குழு சொல்லணும்."

மகள் முன்னால் வந்தாள். "சார், எனக்கு இன்னும் கொஞ்ச நேரத்துல ட்ரெயின். அப்பா என்னை ஏத்திவிட வரணும். ஒரு நெம்பு நெம்பினா போதும்."

"நீ போய்ட்டு வாம்மா. அப்பா பத்திரமா இருப்பாரு. துறையோட பாதுகாப்புல இருக்காரு."

கதவின் அந்தப் பக்கம் அப்பா என்ன செய்துகொண்டிருப்பார் என்று மகளுக்குத் தெரியும். இடுப்பில் கைவைத்துக் கதவின் கீல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் தன் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். ஆனால் நகரவில்லை.

மாடி அக்கா வாசலிலிருந்து கேட்டார். "சார், திரும்ப ஆடுமா? அதைச் சொல்லுங்க. தட்டை மேல வைக்கிறதா, கீழ வைக்கிறதா?"

இணை இயக்குநர் புன்னகைத்தார். அவருக்குப் பிடித்த கேள்வி. "ஆடாது. பின்னதிர்வு இருக்காதுன்னு காலையிலயே அறிக்கை கொடுத்தாச்சு. அமைச்சர் அலுவலகத்துக்கும் அனுப்பியாச்சு. இனிமே இந்த வட்டாரத்துல..."

கீழ்வீட்டில் யாரோ ஒரு நாற்காலியைக் கவிழ்த்தார்கள். கீழ்வீடுதான் கிடையாதே.

ஒரு சின்ன உலுக்கல். காலையில் வந்ததில் பாதிகூட இல்லை. டீ இணை இயக்குநரின் சட்டை முழுவதும் பரவியது. மாடியில் மாமியார் படம் இரண்டாவது முறையாக விழுந்தது, எல்லோருக்கும் கேட்டது. குளியலறைக் கதவின் மேல்சட்டம் க்ரீச்சென்று ஒரு சத்தம் போட்டு வந்த வழியே மேலே ஏறிக்கொண்டது. கதவு தானாகவே உள்பக்கமாகத் திறந்தது.

லிஃப்ட் மெக்கானிக் நின்றிருந்தார். பனியனும் லுங்கியும். முகத்தில் ஒரு பாதி வழவழவென்று, மறு பாதியில் காய்ந்த சோப்பு. நாடாவுக்கு அடியில் குனிந்து வெளியே வந்தார்.

இணை இயக்குநர் சட்டையைப் பார்த்தார். கருவியைப் பார்த்தார். முள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. உதவி அலுவலர் பேனாவைத் திறந்தார்.

"என்ன எழுதப் போற?" என்றார் இணை இயக்குநர்.

"பின்னதிர்வு சார்."

"பின்னதிர்வு இருக்காதுன்னு அறிக்கை போயிருக்கு."

"ஆமா சார். ஆனா..."

"அமைச்சர் அலுவலகத்துக்குப் போயிருக்கு."

உதவி அலுவலர் பேனாவை மூடினார். "எதுவும் நடக்கலை சார்."

"எதுவும் நடக்கலை" என்று இணை இயக்குநர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். டீ அவர் முழங்கையிலிருந்து சொட்டியது.

மகள் அப்பாவையும் கதவையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு மிகவும் பணிவாகக் கேட்டாள். "அப்ப கதவும் திறக்கலை, இல்லையா சார்?"

இணை இயக்குநர் திறந்த கதவைப் பார்த்தார். "எப்படித் திறக்கும்? திறக்கிறதுக்குக் காரணம் எதுவும் நடக்கலையே."

"அப்பா வெளிய வரலை."

"வரலை. உள்ள பத்திரமா இருக்காரு."

"அப்ப இங்க நிக்கிறவரு?"

இணை இயக்குநர் லிஃப்ட் மெக்கானிக்கை, முகத்தில் காய்ந்த சோப்பு உட்பட, தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அவருக்கு இரண்டே வழிதான் இருந்தது: அறிக்கையை மாற்றுவது, இல்லையென்றால் ஆளை மாற்றுவது. பல வருடம் அலுவலகத்தில் இருந்தவர், வழக்கமான வழியை எடுத்தார்.

"பார்வையாளர்" என்றார். "பார்வையாளர்களெல்லாம் தயவுசெஞ்சு உடனே வெளிய போங்க. மையப்புள்ளியில கூட்டம் கூடாது."

இவ்வளவு சந்தோஷமாக எந்தக் கூட்டமும் கலைந்து போனதில்லை. மனைவி ஒரு சட்டையைக் கணவர் மேல் வீசினார். மகள் பேன்ட்டை எடுத்துக் கொடுத்தாள். மாடி அக்கா ஆட்டோவை நிறுத்தினார். "சோப்பைத் துடைங்க, துடைங்க" என்று ஆட்டோ கிளம்பிய பிறகும் கத்திக்கொண்டிருந்தார்.

ரயில் நின்றிருந்தது. பெட்டியை அவரே தூக்கி மேலே வைத்தார். சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பார்க்க ஒன்றுமில்லை. அடுத்த சீட்டில் இருந்த குழந்தை அவருடைய பாதி முகத்தைக் கண்கொட்டாமல் பார்த்தது. இறங்கிப் போய் ஜன்னலுக்கு வெளியே நின்றார். மனைவி நிறையச் சொன்னார்: போன் பண்ணு, நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோட தூங்காதே. அவருக்கும் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ரயில் அசைந்துவிட்டது.

"பதட்டப்படாதே பாப்பா" என்றார். "கதவுப் பக்கம் நிக்காதே."

"ஆள் வந்துட்டே இருப்பாங்க. அதானேப்பா?" என்று மகள் சிரித்தாள். அப்புறம் அவள் முகம் தெரியவில்லை.

திரும்பும் பேருந்தில் மனைவி போனைப் பார்த்தார். துறையின் இரண்டாவது அறிக்கை வந்திருந்தது. வட்டாரம் முழுவதும் அமைதியாக இருக்கிறது. பின்னதிர்வு எதுவும் இல்லை. பாதிக்கப்பட்டவர் நலமாக உள்ளே இருக்கிறார்.

"நல்லா இருக்கீங்களாம்" என்றார் மனைவி.

"ம்" என்றார் அவர்.

வீட்டில் விளக்கு எரிந்தது. உதவி அலுவலர் மட்டும் குளியலறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கதவைச் சாத்தி, புது நாடா ஒட்டியிருந்தார். மணிக்கு ஒருமுறை கேட்டிருக்கிறார், பதில் இல்லாத இடங்களில் "உறங்குகிறார்" என்று எழுதியிருக்கிறார்.

"வியாழக்கிழமை வரைக்கும் நான் இங்கதான் இருக்கணுமாம்" என்றார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

"சாப்பிட்டியா?" என்றார் மனைவி.

அவர் சாப்பிடவில்லை. மனைவி சமையலறைக்குப் போனார். கைப்பழக்கத்தில் நான்கு தட்டுகளை எடுத்தார். வீட்டாருக்கு மூன்று, விருந்தாளிக்கு ஒன்று. ஒன்றைத் திரும்ப வைத்தார்.

லிஃப்ட் மெக்கானிக் ஹாலில் நின்றார். மகளின் பெட்டி நின்றிருந்த இடத்தில் கருவி இருந்தது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குளியலறைப் பக்கம் திரும்பினார்.

உதவி அலுவலர் எழுந்து நாடாவைத் தூக்கிப் பிடித்தார். "போங்க சார். நீங்க உள்ளதான் இருக்கீங்க."

கதவு சாத்திக்கொண்டது. குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. மெதுவாகத்தான் திறந்தார். பிறகு ஒரு விசும்பல், குழாயின் சத்தத்துக்குள் ஒளித்துவைக்கப் பார்த்த சத்தம். கருவியின் முள் லேசாகத் துடித்தது. சமையலறையில் யாரும் நடக்கவில்லை.

அடுத்த கேள்விக்கு மணி ஆகியிருந்தது. உதவி அலுவலர் கதவை நோக்கிக் குனிந்து வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

எட்டிக் கருவியின் ஸ்விட்சை அணைத்தார். தாளில் தானே "இல்லை" என்று எழுதினார்.